ஐந்தேகால் மணிக்குச் சத்தம் போடாத கருவி

எங்கள் வீடு மூன்றாவது மாடியில். ஒருமுறை லிஃப்ட் பழுதாகி ஒரு வாரம் நின்றுபோனது. என் உடம்பு எந்த நிலைமையில் இருக்கிறது என்று அந்த வாரத்தில்தான் எனக்கே தெரிந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையில் இருந்தது ஒரே ஒரு பை. எதிரே இறங்கி வந்தவர் நலம் விசாரித்தார். மூச்சு வாங்கியதில் பதில் சொல்ல முடியவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். அப்போது எனக்கு வயது 44. அன்றிரவே டிரெட்மில் வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

ஏன் டிரெட்மில் என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. உடற்பயிற்சி என்றாலே என் மனதுக்கு வந்த படம் ஓட்டம்தான். ஓடுகிற ஒருத்தியாக மாற வேண்டும் என்று ஆசை. அன்றைக்கு எனக்கு இருந்த உடம்பு, எங்கள் வீடு, எனக்குக் கிடைக்கிற நேரம், இந்த மூன்றையும் வைத்து நான் யோசிக்கவே இல்லை. ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன்: வாங்குவதற்கு முன்னால் மருத்துவரைப் பார்த்து ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈசிஜி மூன்றையும் பார்த்துக்கொண்டேன். பல வருஷமாக உடம்பை அசைக்காதவர்கள், நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்து போனவர்கள், மூட்டில் ஏற்கெனவே தொந்தரவு உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

அந்த டிரெட்மில்லை மூன்றே மாதத்தில் விற்றேன். அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் எதையும் வாங்கவில்லை. தெரிந்தவர்கள் வீட்டிலும் கடைகளிலும் ஒவ்வொரு கருவியாக ஏறிப் பார்த்தேன். கடைசியில் வாங்கிய, நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள் இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் நிற்காமல் ஓடுகிறது. முதல் முறையாக வாங்கப் போகிறவர்களுக்கு, அந்த மூன்று மாதமும் அப்புறம் வந்த ஒன்றரை மாதமும் எனக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறேன்.

மடித்து வைக்கலாம், இடம் அடைக்காது என்பதுதான் அந்த டிரெட்மில்லில் எனக்குப் பிடித்த விஷயம். அது மடிந்து சின்னதாவதற்குக் காரணம் பெல்ட் குட்டையாக இருப்பது என்று அப்போது உறைக்கவில்லை. அகலம் 40 சென்டிமீட்டர், நீளம் 100 சென்டிமீட்டர். மெதுவாக நடக்கும்போது ஒன்றும் தெரியாது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம் வந்ததும் கால் இயல்பாகப் பின்னால் நீள்கிறது. ஷூவின் நுனி பெல்ட்டின் கடைசியில் இருக்கிற பிளாஸ்டிக் மூடியில் தட்டுகிறது. ஒரு தடவை தட்டினால் போதும், அடுத்த அடியிலிருந்து உடம்பு தானாகவே பயந்து அடியைச் சுருக்கிக்கொள்ளும். நானும் சுருக்கினேன். முன்னால் நெருங்கி, கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, குனிந்து காலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மூன்றாவது வாரம் முட்டிச் சில்லுக்குப் பின்னால் ஒரு வலி ஆரம்பித்தது. படி இறங்கும்போது அது நன்றாகத் தெரிந்தது.

நடக்க மட்டும் என்றாலும் 45 சென்டிமீட்டர் அகலமும் 125 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பெல்ட் வேண்டும் என்பது என் எண்ணம். ஓடுவதற்கு 50 அகலம், 140 அல்லது அதற்கு மேல் நீளம். உயரமானவர்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டியிருக்கும். மோட்டாரைப் பார்க்கும்போது, பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் குதிரைத்திறனை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் ஒரு நொடி எட்டிப்பிடிக்கிற உச்ச அளவு. தொடர்ந்து எவ்வளவு இழுக்கும் என்பது வேறு எண். அதைக் கேட்டு வாங்குங்கள். நடைக்கு 1.5 முதல் 2 வரை, ஓட்டத்துக்கு 2.5 முதல் 3 வரை தொடர்திறன் இருந்தால் மோட்டார் திணறாது. கருவி தாங்கும் உச்ச எடை என்று ஒன்று போட்டிருப்பார்கள். அது உங்கள் எடையைவிட 15, 20 கிலோவாவது கூடுதலாக இருக்கட்டும். பெல்ட்டுக்கு அடியில் அவ்வப்போது சிலிகான் எண்ணெய் விட வேண்டும். நீட்டிப்பு வயர் போடாமல் நேராகச் சுவர் பிளக்கில் மாட்ட வேண்டும். வீட்டில் குழந்தை இருந்தால், பயிற்சி முடிந்ததும், கழற்றினால் கருவி ஓடாதபடி செய்யும் சிவப்புப் பாதுகாப்புச் சாவியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற பெல்ட்டில் சின்னக் கை பட்டால் தோல் உரிந்துவிடும்.

ஆனால் டிரெட்மில்லை நான் விட்டது பெல்ட்டாலும் இல்லை, முட்டியாலும் இல்லை. எனக்கென்று கிடைக்கிற நேரம் காலை ஐந்தேகால் முதல் ஆறு வரைதான். ஆறு மணிக்கு வீடு எழுந்துவிடும். அதற்குப் பிறகு இரவு வரை என் நேரம் என் கையில் இல்லை. நடக்கத் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருக்கும். கீழ் வீட்டில் இருக்கும் பெண் கதவைத் தட்டினார். அவர் செவிலியர். அதுவரை படிக்கட்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நைட் டியூட்டி முடிஞ்சு வந்து அஞ்சு மணிக்குத்தான் படுக்கிறேன். மேல நீங்க நடக்கிற ஒவ்வொரு அடியும் எங்க கட்டில்ல கேக்குது.”

எனக்கு உடம்பே கூசிப்போனது. அன்றைக்கே தடிமனான ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டேன். மோட்டார் இரைச்சல் கொஞ்சம் அடங்கியது. காலடி மட்டும் அடங்கவில்லை. பெல்ட்டில் ஒவ்வொரு முறை கால் விழும்போதும் உடம்பின் எடை முழுவதும் தரையில் இறங்குகிறது, கான்கிரீட் அதை அப்படியே கீழே கொண்டுபோகிறது. அந்த அதிர்வை விரிப்பு ஓரளவுக்குத்தான் வாங்கிக்கொள்ளும். சரி, சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். வாரத்தில் ஐந்து நாள் மூன்றானது, மூன்று ஒன்றானது.

இதனால்தான் யார் என்னிடம் யோசனை கேட்டாலும், “நீங்கள் எத்தனை மணிக்குச் செய்யப் போகிறீர்கள்?” என்பதையே முதலில் கேட்கிறேன். எந்த நேரம் என்பது முடிவானால், எவ்வளவு சத்தம் போடலாம் என்பது தெரிந்துவிடும். அது தெரிந்தால் கருவிகளில் பாதி தானாகவே கழிந்துவிடும். கடைக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார். நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் செவிலியர்தான் பிறகு எனக்கு ஆசிரியராகவே ஆனார். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் முட்டி வலியைப் பற்றிப் பேச்சு வந்தது. எவ்வளவு வேகத்தில் நடக்கிறீர்கள் என்று கேட்டார். மூச்சு முட்டும் வரை என்றேன். “அவ்வளவு வேண்டாம் அக்கா. பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு” என்றார். இதைவிட எளிமையான அளவுகோல் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. நாடித்துடிப்புக் கணக்கையும் அவரே சொன்னார். 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு தோராயமாக வரும், எனக்கு 176. மிதமான உழைப்பு என்றால் அதில் 64 முதல் 76 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 113 முதல் 134 வரை. ஆளுக்கு ஆள் இது பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் இருக்கும். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, பேச்சுச் சோதனைதான் சரி.

வாரத்துக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு, உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு மிதமான உழைப்பு 150 முதல் 300 நிமிடம் என்றும், கடுமையான உழைப்பு என்றால் 75 முதல் 150 நிமிடம் போதும் என்றும் இருக்கிறது. ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் வரும் என்ற பழைய நிபந்தனை அதில் இல்லை. கொஞ்சம் செய்தாலும் சும்மா இருப்பதைவிட நல்லது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! முதல் வாரம் என்னால் ஆறு நிமிடம்தான் முடிந்தது.

அப்புறம் ஏறிப் பார்க்கும் படலம். ஸ்கிப்பிங் கயிற்றை உடனே ஒதுக்கினேன். முட்டி வலியோடு மூன்றாவது மாடியில் குதிக்க முடியாது. தரைத்தளத்தில் நல்ல முட்டியோடு இருப்பவருக்கு அதைவிடச் சிக்கனமான கருவி கிடையாது. கயிற்றின் நடுவில் நின்று பிடித்தால் கைப்பிடி அக்குள் வரை வர வேண்டும், அதுதான் சரியான நீளம்.

நின்றபடியே இரண்டு பெடலை நீள்வட்டமாக மிதிக்கும் எலிப்டிக்கல் ஒரு தோழியின் வீட்டில் இருந்தது. கால் பெடலை விட்டு எழுவதே இல்லை என்பதால் முட்டியில் அதிர்வு இல்லை. ஆனால் அது சின்ன அளவுக் கருவி. அதன் அடிநீளம், அதாவது ஒரு அடிக்குக் கால் முன்பின் போகும் தூரம், 30 சென்டிமீட்டர்கூட இருக்காது. நடப்பதுபோல் இல்லாமல் குறுகலான படியில் ஏறி இறங்குவதுபோல் இருந்தது. சராசரி உயரம் உள்ளவருக்கு 45 முதல் 50 வரை வேண்டும். அந்த அளவுள்ள கருவியைக் கடையில் பார்த்தேன், அருமையாக இருந்தது. ஆனால் பெடல் மேலே வரும்போது நாம் தரையிலிருந்து எழும்பி நிற்கிறோம். அந்த உயரத்தோடு நம் உயரத்தையும் கூட்டி, தலைக்கு மேல் ஒரு சாண் விட்டுக் கூரையைப் பாருங்கள். எங்கள் வீட்டில் நான் அதை வைக்க நினைத்த மூலைக்கு மேலே பரண் இருக்கிறது. அதோடு அது முடிந்தது.

எனக்கு உண்மையிலேயே மனம் போனது, உட்கார்ந்து துடுப்புப் போடுவதுபோல் இழுக்கும் ரோயிங் மெஷின் மீதுதான். சித்தப்பா மகன் வைத்திருக்கிறான். ஏறி உட்கார்ந்ததும் கையால் வெடுக்கென்று இழுத்தேன். “அக்கா, கையால இழுக்காதீங்க. முதல்ல கால், அப்புறம் உடம்பு, கடைசியிலதான் கை. திரும்பி வரும்போது கை, உடம்பு, கால்” என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். பத்து நிமிடத்தில் அந்த ஒழுங்கு பிடிபட்டபோது உடம்பு முழுவதும் ஒரே இழுப்பில் வேலை செய்வது தெரிந்தது, அவ்வளவு நிறைவாக இருந்தது. பக்கவாட்டில் 1 முதல் 10 வரை ஒரு நெம்பு இருக்கும். 10-இல் வைத்தால்தான் பயிற்சி என்று நினைக்க வேண்டாம். நாம் இழுக்கும்போது முன்னால் ஒரு விசிறி சுழலும்; அதற்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதைத்தான் அந்த நெம்பு மாற்றுகிறது. புதியவர்களுக்கு 3, 4 போதும். முதுகை வளைத்துக்கொண்டு இழுப்பவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், அதனால் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து திருத்துவது முக்கியம். கருவி கிட்டத்தட்ட 2.4 மீட்டர் நீளம். விசிறி வகையில் ஒவ்வொரு இழுப்புக்கும் புயல் மாதிரி ஒரு இரைச்சல். தனி அறையும் தனி வீடும் இருந்தால் இன்றைக்கே வாங்குவேன்.

கடைசியாக சைக்கிள். இதில் நான் தெரிந்துகொண்ட முக்கியமான விஷயம், சக்கரத்தை எது தடுக்கிறது என்பது. மலிவான வகைகளில் கம்பளித் துண்டு ஒன்று சக்கரத்தின்மேல் உரசித் தடுக்கும். ஒரு உறவினர் வீட்டில் அதை ஓட்டியபோது கீச் என்று சத்தமும், சூடான கம்பளி வாசனையும் வந்தது. அந்தத் துண்டு தேயத் தேய மாற்றவும் வேண்டும். காந்த வகையில் காந்தம் சக்கரத்துக்கு அருகே வரும், ஆனால் தொடாது. சக்கரம் சுழலும்போது உலோகத்துக்குள் உண்டாகும் மின்சுழல்களே அதைப் பிடித்து இழுக்கின்றன. உரசல் இல்லை, அதனால் தேய்மானமும் இல்லை, சத்தமும் இல்லை. கடையில் பதினைந்து நிமிடம் ஓட்டினேன். பெல்ட் லேசாக உஸ்ஸென்றது, அவ்வளவுதான். ஐந்தேகால் மணிக்கு இது ஓடும் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

ஸ்பின் பைக் எனப்படும் கனமான சக்கரம் உள்ள வகையை ஒரு காரணத்துக்காகத் தவிர்த்தேன். பெரும்பாலும் அதில் பெடலும் சக்கரமும் ஒன்றாகப் பூட்டியிருக்கும். நாம் காலை நிறுத்தினாலும் சக்கரம் காலைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். நிறுத்த வேண்டுமென்றால் திருகை அழுத்த வேண்டும். பழகியவர்களுக்குச் சரி, எனக்கு அப்போது பயமாக இருந்தது. வயதானவர்களுக்கும் முதுகு வலி உள்ளவர்களுக்கும் சாய்ந்து உட்காரும் வகை இருக்கிறது; ஏறி இறங்கக் காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. வீட்டில் யாருக்காக வாங்குகிறீர்களோ அவரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள்.

பெட்டியாக வந்ததை நானும் மகளும் சேர்த்துப் பூட்டினோம். இங்கே ஒரு இடத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். வலது பெடல் வழக்கம்போலக் கடிகார முள் திசையில் இறுகும். இடது பெடல் அதற்கு எதிராகத் திருப்பினால்தான் இறுகும். இது தெரியாமல் நான் இடது பெடலை ஸ்பேனர் வைத்து அழுத்த ஆரம்பித்தேன். “அம்மா, நில்லுங்க, இதுல எல்-னு போட்டிருக்கு பாருங்க” என்று மகள் கையைப் பிடித்துவிட்டாள். தவறான பக்கம் பலத்தோடு திருப்பியிருந்தால் மரை நசுங்கி, முதல் நாளே கருவி வீணாகியிருக்கும். முதலில் கை விரலால் மட்டும் திருகுங்கள். மூன்று சுற்று வழுக்கிக்கொண்டு போனால் சரியாகப் பிடித்திருக்கிறது, அப்புறம் ஸ்பேனர் வையுங்கள். எல்லா போல்ட்டையும் பாதி இறுக்கி, கருவியைச் சமமாக நிறுத்திவிட்டு, கடைசியில் முழுவதும் இறுக்கினால் ஆட்டம் இருக்காது.

முதல் வாரத்திலேயே முட்டி வலி திரும்ப வந்தது. கலங்கிப் போனேன். காரணம் சீட். கால் தரையில் எட்டட்டும் என்று தாழ்வாக வைத்திருந்தேன். சீட் தாழ்ந்தால் முட்டி அதிகம் மடங்குகிறது, முட்டிச்சில்லின் மேல் அழுத்தம் கூடுகிறது. உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை ஆகக் கீழே கொண்டுவந்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலுக்கு மாற்றினால் முட்டியில் லேசான மடிப்பு வரும். அதுதான் உங்கள் உயரம். மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் சீட் கூடுதலாக ஏறிவிட்டது என்று பொருள். நான் இரண்டு துளை ஏற்றினேன். பத்து நாளில் வலி போனது. உட்காரும் இடத்தில் வலிப்பது வேறு விஷயம். அது முதல் இரண்டு வாரம் எல்லோருக்கும் இருக்கும், பழகிவிடும். மரத்துப்போவது மட்டும் சரியில்லை. அப்படி ஆனால் சீட்டின் சாய்வைச் சமமாக்குங்கள்.

திரையில் வரும் கலோரிக் கணக்கை நான் பார்ப்பதே இல்லை. என் எடையை ஒருநாளும் கேட்காத கருவி என் கலோரியை எப்படிச் சொல்லும்? நிமிடத்தை மட்டும் பார்க்கிறேன். ஐந்து நிமிடம் இலகுவாக, நடுவில் பேசும் அளவு மூச்சோடு, முடிவில் மறுபடி ஐந்து நிமிடம் இலகுவாக. வேகமாக மிதித்துவிட்டுச் சட்டென்று இறங்கினால் ரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும், ஒருமுறை எனக்கு நடந்தது. முடிந்ததும் கைப்பிடியில் வியர்வையைத் துடைக்கிறேன். மாதம் ஒருமுறை போல்ட்டுகளைத் தொட்டுப் பார்க்கிறேன். இவ்வளவுதான் பராமரிப்பு.

இடத்தைப் பற்றி ஒன்று. வாங்குவதற்கு முன் சைக்கிளின் நீள அகலத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்து, ஒரு வாரம் அந்தக் கோட்டைச் சுற்றியே நடந்து பார்த்தோம். ஜன்னல் பக்கத்தில் யாருக்கும் இடிக்காத ஓர் இடம் கிடைத்தது. மடித்து வைப்பது, இழுத்து வெளியே எடுப்பது என்ற வேலையே இல்லை. எழுந்தால், ஏறினால், தொடங்கிவிடலாம். தூக்கம் கலையாத காலையில் அந்த ஒரு நிமிட வேலைகூடப் பெரிய மலையாகத் தெரியும் என்பதை டிரெட்மில் நாட்களில் நன்றாக உணர்ந்திருக்கிறேன்.

அந்த டிரெட்மில்லை வாங்கிப் போனவர் என்னைவிட அரையடி குள்ளம், தரைத்தள வீடு, மெதுவாக நடக்க மட்டுமே வேண்டும் என்று கேட்டு வாங்கினார். பெல்ட்டின் நீளத்தை நான் மறைக்காமல் சொன்னேன். ஏறி நடந்து பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போனார். இன்றும் தினமும் நடக்கிறாராம்.

சைக்கிள் வந்து இரண்டு மாதம் கழித்து, கீழ் வீட்டுச் செவிலியர் படிக்கட்டில் என்னை நிறுத்தினார். முகத்தில் ஒரு தயக்கம். “அக்கா, நான் சொன்னதால எக்சர்சைஸையே விட்டுட்டீங்களா? ஒரு சத்தமும் கேக்கலையே” என்றார். கையைப் பிடித்து மேலே அழைத்து வந்து காட்டினேன். ஏறி உட்கார்ந்தார். கால் எட்டவில்லை, சீட்டை மூன்று துளை இறக்கினோம். இப்போது சீட் கம்பியில் இரண்டு இடத்தில் வண்ண டேப் ஒட்டியிருக்கிறது. சிவப்பு என்னுடையது, பச்சை அவருடையது. அவருக்கு விடுமுறை வரும் நாட்களில் ஆறு மணிக்கு நான் இறங்குவேன், அவர் ஏறுவார்.